சுடா உமேக்கோ அம்மையார் சரித்திரச் சுருக்கம்

முகவுரை

கல்விச்சாலைகளை நடாத்துவோர் தங்குறைகளை எடுத்துச் சொல்லும்போது முதலாவதாகச் சொல்வது பொருட்குறையேயாம். கட்டடம் போதாது, தளபாடம் போதாது, புத்தகம் போதாது, ஆசிரியருக்குக் காலத்திற் சம்பளங் கொடுத்தற்குப் பணம் போதாது என்பன யாண்டுங் கேட்கப்படும் வார்த்தைகள். இவை பொய்க்குறைகள் அல்ல. பசித்திருக்கும் ஆசிரியர் நன்கு கற்பித்தல் அரிது. ஒழுகுங் கூரையின்கீழ் மாணவர் நன்கு கற்றலும் அரிது. ஆயினும், பொருள் வந்தபின் தரத்தை உயர்த்துவோம் என்று காத்திருப்பது ஒரு வழி. தரத்தை முதலில் நிறுத்திப் பொருளைப் பின்னர்த் தேடுவது மற்றொரு வழி. இவ்விரண்டனுள் எவ்வழிச் சென்ற கலாசாலை நிலைபெறும் என்பது ஆசிரியராயினார் ஒவ்வொருவருஞ் சிந்திக்கற்பாலது.

இரண்டாம் வழியிற் சென்று, இடையூறு பலவற்றைக் கடந்து, தாம் நாட்டிய கலாசாலையை நிலைநிறுத்திய ஒருவர் யப்பான் தேசத்துச் சுடா உமேக்கோ அம்மையார். டோக்கியோ நகரத்திலே 1900ஆம் ஆண்டிற் பத்து மாணவிகளோடு ஒரு வாடகை வீட்டிற் பெண்களுக்கான உயர்தரக் கலாசாலையைத் தொடங்கி, ஏறக்குறையப் பத்தொன்பது ஆண்டு அதன் தலைமையைத் தாங்கியவர் இவர். யப்பானிய அரசு 2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளியிட்ட ஐயாயிரம் யென் தாளில் இவர் உருவம் பொறிக்கப்பட்டது. தம் வாழ்நாளில் வீட்டு வாடகைக்காகக் கவலைப்பட்ட ஓர் ஆசிரியையின் முகம் பணத்தாளிலே வந்தமை நினைத்தற்குரியது. இவர் சரித்திரத்தை எம்போல ஆசிரியத் தொழில் பூண்டாருக்குப் பயன்படுமாறு சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பிறப்பு

உமேக்கோ அம்மையார் 1864ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் திகதி, அக்காலத்தில் எடோ என வழங்கிய டோக்கியோ நகரிற் பிறந்தார். தந்தையார் சுடா சென் என்பவர். அவர் ஆங்கிலம் வல்லவர்; 1867ஆம் ஆண்டில் அரசாங்கக் குழுவொன்றோடு அமெரிக்கா சென்று மீண்டவர்; மேல்நாட்டுப் பயிர்த்தொழில் முறைகளைத் தம் நாட்டிற் பரப்ப முயன்றவர். குழந்தைக்கு இட்ட பெயர் உமே என்பது. உமே என்பது அந்நாட்டிலே குளிர்காலம் நீங்குமுன் பூக்கும் ஒரு மரத்தின் பெயர். பனி விலகுமுன் பூக்கும் மரத்தின் பெயர் இவருக்கு எத்துணைப் பொருத்தமாயிற்று என்பது பின்வருஞ் சரித்திரத்தால் விளங்கும். உமேக்கோ எனப் பெயரை அமைத்துக்கொண்டது பிற்காலத்திலாம்.

அமெரிக்கப் பயணம்

1868ஆம் ஆண்டில் யப்பானில் இராச்சிய மாற்றம் நிகழ்ந்தது. புதிய அரசாங்கத்தார் மேல்நாட்டு வித்தைகளை விரைவிற் கற்கவேண்டும் என்று துணிந்தனர். ஹொக்கைடோ என்னும் வடதீவை அபிவிருத்தி செய்தற்கு அமைக்கப்பட்ட காரியாலயத்தின் தலைவருள் ஒருவர், அமெரிக்கப் பெண்களின் கல்விநிலையைக் கண்டு வியந்து, தம் நாட்டுச் சிறுமியர் சிலரையும் அங்கே பத்தாண்டு கற்பிக்கவேண்டும் எனத் தீர்மானித்தார். செலவு முழுதும் அரசாங்கத்தது. ஆயினும் தம் புதல்வியரைப் பத்தாண்டு கடல்கடந்த நாட்டில் விட்டிருக்கப் பெற்றோர் எளிதில் இசையவில்லை. ஈற்றில் ஐந்து சிறுமியரே கிடைத்தனர். அவர்களுள் இளையவர் உமே.

இவாக்குரா பிரபுவின் தலைமையிற் சென்ற பெரிய தூதர் குழுவோடு இவர்கள் 1871ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23ஆந் திகதி யோக்கொஹாமாத் துறைமுகத்திலே கப்பலேறினர். உமேக்கு ஏழு வயது நிரம்ப அப்பொழுது எட்டு நாள் குறைவாயிருந்தது. தாயின் மடியை விட்டு நீங்காப் பருவத்துப் பிள்ளையொன்று மொழியறியாத் தேசத்திற்கு அனுப்பப்பட்டமையை இன்று நினைப்பினும் நெஞ்சம் நடுங்கும். ஐவருள் மூத்த இருவர் உடல்நலங் குன்றி அடுத்த ஆண்டிலே தாய்நாடு மீண்டனர். எஞ்சியவர் மூவர்: யாமக்காவா சுதெமாட்சு, நாகாய் ஷிகே, உமே என்போர். இம்மூவரிடையும் அன்று உண்டான நட்பு இறுதிவரையும் நீங்காதிருந்தது. பிற்காலத்திற் கலாசாலைக்குத் தூணாயும் நின்றது.

உமேயை வளர்த்தவர்கள் வாஷிங்டன் நகரின் பகுதியாகிய ஜோர்ஜ்டவுனில் வாழ்ந்த சார்ள்ஸ் லன்மன் என்பவரும் அவர் மனைவியார் அடிலின் அம்மையாருமாவர். லன்மன் யப்பானியத் தூதரகத்தில் எழுத்தாளராயிருந்தவர். மக்கட்பேறில்லாத அத்தம்பதிகள் இக்குழந்தையைத் தம் மகளாகவே பேணினர். பாடசாலையிலே உமே முன்னணியில் நின்றார். 1873ஆம் ஆண்டிலே தம் விருப்பத்தின்படி கிறிஸ்து சமயத்தைத் தழுவினார்.

தாய்நாடு மீளுதல்

பதினோராண்டின் பின், 1882ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே உமே தாய்நாடு திரும்பினார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. வீட்டு வாயிலிலே தாயார் நின்று வரவேற்கிறார்; மகளுக்கோ தாயின் மொழி தெரியாது. தாய்மொழி முற்றும் மறந்துபோயிற்று. ஆங்கிலம் அறிந்த தந்தையாரும் தமக்கையாரும் இடைநின்று மொழிபெயர்த்தே தாயும் மகளும் பேசிக்கொண்டனர். நிலத்திலே மடித்திருக்குங் கால்களும் அவ்வழக்கத்தை மறந்திருந்தன. அந்நிய மொழிக் கல்வியினால் வரும் பேற்றையும் இழப்பையும் ஒருங்கே காட்டுவதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் யாண்டுமில்லை. மிசன் பாடசாலையிற் கற்ற எம்போல்வார், தாய்மொழியைப் பின்னர் முயன்று கற்க நேர்ந்த வருத்தத்தை ஓரளவு அறிவேம். உமே பட்ட வருத்தம் அதனினும் பன்மடங்கு பெரிது.

இவரை அனுப்பிய காரியாலயமும் 1882ஆம் ஆண்டிலே கலைக்கப்பட்டுவிட்டது. மேல்நாட்டிற் கற்று மீண்ட ஆடவருக்கு அரசாங்கம் பதவிகளை விரும்பி அளித்தது. பெண்களுக்கோ பதவியும் இல்லை, தொழிலும் இல்லை. அவர்களை என்செய்வதென்றே ஒருவரும் எண்ணிப் பார்த்திலர். ஷிகே கடற்படை உத்தியோகத்தர் ஒருவரை மணந்தார். அமெரிக்காவில் வாசர் கல்லூரியிற் பட்டம்பெற்ற சுதெமாட்சு 1883ஆம் ஆண்டிலே ஓயாமா என்னுஞ் சேனாபதியை மணந்தார். உமேக்கும் விவாகப் பேச்சுக்கள் எழுந்தன, அவர் இசைந்திலர், இறுதிவரை மணஞ்செய்யாதே வாழ்ந்தார்.

அவர் மனத்தை வருத்தியது ஒரு கடனுணர்ச்சி. பதினோராண்டு குடிகளின் பொருளாற் கற்றேன், அக்கடனை எங்ஙனந் தீர்ப்பேன் என்பதே அவர் கவலை. லன்மன் அம்மையாருக்கு அவர் பல்லாண்டாக எழுதிய பல நூறு கடிதங்கள் 1984ஆம் ஆண்டிற் கலாசாலைக் கட்டடமொன்றின் மேன்மாடப் பரணிற் கண்டெடுக்கப்பட்டன. அவர் உள்ளத்தை உலகம் நன்கறிந்தது அக்கடிதங்களாலாம்.

பிரபுக்கள் குலப் பாடசாலை

பின்னர் முதன்மந்திரியான இத்தோ ஹிரோபுமி என்பவர் உமேயைத் தம் இல்லத்திற்கு அழைத்து, தம் மனைவிக்கும் புதல்விக்கும் ஆங்கிலமும் மேல்நாட்டு ஆசாரமுங் கற்பிக்கச் செய்தார். 1885ஆம் ஆண்டிலே பிரபுக்கள் குலப் பெண்களுக்கென ஓர் அரசாங்கப் பாடசாலை திறக்கப்பட்டபோது உமே அங்கே ஆங்கில ஆசிரியையானார். சம்பளம் உண்டு, அரச மதிப்பு உண்டு, வேலைக்கு உறுதியும் உண்டு. வேறொருவராயின் இஃதே போதும் என்று அமைந்திருப்பர்.

உமே அமைந்திலர். அப்பாடசாலைப் பெண்கள் நற்குணமுடையர். ஆயினுங் கல்வியை வாழ்க்கைக்கு ஓர் அணியாகக் கருதினரேயன்றி உறுதிப்பொருளாகக் கருதினாரல்லர். விவாகம் நிச்சயமாயின் படிப்பை இடைநடுவில் நிறுத்திச் செல்வர். தம் உழைப்பு நீர்மேல் எழுத்தாகின்றதே என்று அவர் வருந்தினார். தம் கல்வியும் போதாதென்பதை உணர்ந்தார். கற்பிப்பவர் தாம் கற்றலை நிறுத்தலாகாது என்பதை நன்கறிந்தவராதலின் விடுமுறை பெற்று 1889ஆம் ஆண்டிலே மீண்டும் அமெரிக்கா சென்றார்.

பிரின் மோர் கல்லூரி

பிலடெல்பியா நகருக்கணித்தாகிய பிரின் மோர் பெண்கள் கல்லூரி அப்பொழுது புதிதாய் எழுந்தது. ஆடவர் சர்வகலாசாலைகளுக்குத் தரத்திற் குறையாதிருத்தல் வேண்டும் என்னும் வைராக்கியத்தோடு நடாத்தப்பட்டது. உமே அங்கே உயிர்நூல் பயின்றார். பிற்காலத்தில் 1933ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற தோமஸ் ஹண்ட் மோர்கன் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து தவளை முட்டையைக் குறித்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1894ஆம் ஆண்டிலே இருவர் பெயராலும் இங்கிலாந்து விஞ்ஞானப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. இடையிலே ஒஸ்வீகோ ஆசிரிய கலாசாலைக்குச் சென்று போதனாமுறையுங் கற்றார்.

ஆராய்ச்சியைத் தொடர்ந்து செய்திருந்தால் விஞ்ஞானத்திலே பெயர்பெற்றிருப்பார். அமெரிக்காவிலே தங்கியிருத்தற்கு வாய்ப்பும் இருந்தது. அவற்றை விட்டு 1892ஆம் ஆண்டிலே தாய்நாட்டிற்கு மீண்டார். தாம் விரும்பிய கல்வியைக் காட்டிலுந் தாம்பட்ட கடனைப் பெரிதாக மதித்தமையே அதற்குக் காரணம்.

மீளுமுன் அவர் செய்த காரியம் ஒன்றுண்டு. யப்பானியப் பெண்கள் அமெரிக்காவிற் கற்றற்கு ஓர் உபகாரச் சம்பள நிதியை அங்குள்ள அன்பர்களைக் கொண்டு ஏற்படுத்தினார். 8,000 டொலர் திரட்டப்பட்டது. முதலைத் தொடாது வட்டியைக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கற்பிப்பது ஏற்பாடு. அந்நிதியாற் கற்றவருள் மாட்சுடா மிச்சி என்பவர் பின்பு தோஷிஷா பெண்கள் கல்லூரிக்குத் தலைவியானார். காவாய் மிச்சி என்பவர் 1929ஆம் ஆண்டிலே கெய்சென் என்னும் பெண்கள் கல்விச்சாலையை நிறுவினார். ஹொஷினோ ஆய் என்பவர் உமேக்கோ அம்மையாரின் தலைமைப்பதவிக்கே உரியரானார். தமக்கெனக் கட்டடம் ஒன்றும் இல்லாதபோதே தமக்குப் பின்வரும் ஆசிரியரை ஆக்கத் தொடங்கியமை அம்மையாரின் தீர்க்கதரிசனத்தைக் காட்டுகின்றது.

கலாசாலை தொடங்குதல்

1898ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் டென்வர் நகரிற் கூடிய மாதர் மகாநாட்டிற்கு அம்மையார் தம் நாட்டின் சார்பாகச் சென்றார். அப்பயணத்திலே கண்ணுஞ் செவியும் இழந்துங் கல்வியில் உயர்ந்த ஹெலன் கெல்லரைச் சந்தித்தார். அங்கிருந்து இங்கிலாந்து சென்று ஒக்ஸ்போர்ட் நகரத்துச் செயின்ட் ஹில்டா கல்லூரியிலே சிலகாலங் கற்றார். 1899ஆம் ஆண்டிலே முதுமையால் தளர்ந்திருந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கண்டு பேசினார். அவர் கொடுத்த மலர்களைத் தாளிடை வைத்து உலர்த்திப் பாதுகாத்தார்.

அவ்வாண்டிலே யப்பானில் ஒரு சட்டம் பிறந்தது. மாகாணந்தோறும் பெண்களுக்கு உயர்தர பாடசாலை இருத்தல்வேண்டும் என்பது அச்சட்டம். நல்ல மனைவியரையும் அறிவுடைய தாயரையும் ஆக்குதலே அரசாங்கத்தின் நோக்கம். அம்மையாரோ இதனுள் வேறொரு வழியைக் கண்டார். பாடசாலைகள் பெருகின் ஆசிரியைகள் வேண்டும். ஆங்கிலங் கற்பித்தற்கு அரசாங்கத் தராதரப் பத்திரம் வேண்டும். அப்பரீட்சைக்குப் பெண்களை ஆயத்தஞ் செய்யும் உயர்தரக் கலாசாலை அரிது. அதனை ஏற்படுத்தினால், ஒரு பெண் பிறர் கையை எதிர்பாராது தன் கல்வியால் மதிப்போடு வாழலாம் என்று துணிந்தார்.

1900ஆம் ஆண்டிலே அரசாங்கப் பாடசாலைப் பதவியை விட்டு விலகினார். பதினைந்தாண்டு வகித்த பதவியையும் சம்பளத்தையும் ஒருங்கே விட்டார். செப்டெம்பர் 14ஆந் திகதி, டோக்கியோவிற் கோஜிமாச்சி என்னும் பகுதியில் ஒரு சிறு வாடகை வீட்டிலே கலாசாலை ஆரம்பமாயிற்று. மாணவிகள் பதின்மர். பெயர் ஜோஷி எய்காக்கு ஜுக்கு என்பது. ஜோஷி என்பது பெண்கள். எய்காக்கு என்பது ஆங்கிலக் கல்வி. ஜுக்கு என்பது ஓர் ஆசிரியரைச் சார்ந்து மாணவர் கூடிக் கற்கும் இடம். நம் நாட்டுக் குருகுலம் என்னும் பெயர் இதற்கு அணித்தாக நிற்கும். பெயரை ஆடம்பரமாக வையாமையிலேயே அவர் கருத்து விளங்குகின்றது.

தொடக்கநாளில் அவர் மாணவிகளுக்குக் கூறியவற்றின் சாரம் இதுவாம். நல்ல கட்டடமும் கருவிகளும் வேண்டுவனவே. ஆயின் உண்மைக் கல்விக்கு அவற்றினும் முதன்மையாவன ஆசிரியரின் தகுதியும் ஊக்கமும், மாணவரின் கற்கும் வேட்கையுமாம். மாணவர் ஒவ்வொருவரின் முகம் வேறாதல்போல மனமும் வேறு. ஆதலிற் பெருங்கூட்டத்திற்கு ஒருங்கே போதித்தலினும் சிறுகூட்டத்தில் ஒவ்வொருவரையும் அறிந்து போதித்தல் சிறந்தது. ஆங்கிலம் ஒன்றிலே தேர்ந்து மற்றையவற்றில் வெறுமையராய் இருத்தலாகாது. எல்லா வகையானும் நிரம்பிய பெண்ணாதல் வேண்டும். பத்துப் பிள்ளைகளை முன்னிருத்தி, ஒரு வாடகை வீட்டிலே, ஆயிரம் பேர் உள்ள கலாசாலைக்கு உரிய கொள்கையை அவர் வகுத்தார்.

வறுமையும் வைராக்கியமும்

கலாசாலைக்கு அரசாங்க நன்கொடை இல்லை. மிசன் ஒன்றின் ஆதரவும் இல்லை. அம்மையார் கிறிஸ்து சமயத்தவராயினும், மிசன் சங்கம் எதற்கும் உட்பட்டதாகத் தம் கலாசாலையை அமைத்தாரல்லர். பிலடெல்பியாவிலுள்ள அன்பர்கள் பணம் திரட்டி அனுப்பினர்; அப்பணத்தோடு அதிகாரம் வரவில்லை. உதவியைப் பெறுதலுக்கும் ஒருவர் கைக்குள் அடங்குதலுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்து நடந்தவர் அம்மையார். தனியார் பாடசாலை நடாத்துவோர் இதனை ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

உழைப்பினால் உதவியவர் சிலர். சுதெமாட்சு சிறுவயதில் வளர்ந்த இல்லத்துப் புதல்வியாகிய அலிஸ் பேக்கன் அம்மையார் அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டாண்டு சம்பளமின்றிக் கற்பித்தார். 1902ஆம் ஆண்டிலே அவர் மீண்டபின், அன்னா ஹார்ட்ஸ்ஹோர்ன் அம்மையார் அவ்விடத்தை ஏற்று, அவருஞ் சம்பளமின்றியே உழைத்தார். உமேக்கோ அம்மையாருந் தொடக்கத்திலே கலாசாலையிலிருந்து சம்பளம் பெற்றாரல்லர். வெளியே கற்பித்துத் தமக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டார். சேனாபதியின் மனைவியாராகிய சுதெமாட்சு கலாசாலையின் ஆலோசகராய் நின்று, தம் செல்வாக்கால் அதற்கு மதிப்பு உண்டாக்கினார்.

சில மாதங்களுள் வீடு போதாதாயிற்று. 1901ஆம் ஆண்டிலே வேறொரு பழைய வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். அது பழுதடைந்தது, பேய் உலாவும் வீடென்று அயலார் பேசிக்கொண்டது. பேய் வீடாதலின் வாடகை தாங்கக்கூடியதாயிருந்தது போலும். 1903ஆம் ஆண்டிலே அமெரிக்க அன்பரின் உதவியாற் கோபான்சோ என்னும் இடத்திற் சொந்த நிலமுங் கட்டடமுங் கிடைத்தன. அவ்வாண்டிலே முதன்மாணவிகள் கற்றுத் தேறி வெளியேறினர்.

இத்துணை வறுமையிலும் அம்மையார் தரத்தில் ஓர் அணுவளவுங் குறைத்தாரல்லர் என்பதே யாம் வற்புறுத்தும் பொருள். சம்பளப்பணம் கலாசாலைக்கு உயிராயிருந்த காலத்திலே, ஒரு மாணவி விலகினும் நட்டமே. ஆயினும் அவர் வகுப்பு மிகக் கண்டிப்பானது. ஒரு சொல்லின் உச்சரிப்புப் பிழைத்தால், திருந்தும்வரை பலமுறை சொல்விப்பார். பாடத்தை ஆயத்தஞ் செய்யாது வருவோர் தப்புதல் அரிது. இக்கடுமையைத் தாங்காது இடையில் விலகியவர் பலர். அவர்களைத் தடுத்துவைத்தற்காக அளவைத் தாழ்த்த அவர் ஒருப்படவில்லை. பெண்கள் படிப்பு என்றால் இளக்காரமாய் நோக்கிய காலமாதலின், தம் கலாசாலையின் ஒரு மாணவி அரைகுறையாய் வெளியேறினும் அது பெண்கல்வி முழுதிற்கும் பழியாகும் என்பது அவர் எண்ணம்.

அவ்வெண்ணம் பலித்தது. 1904ஆம் ஆண்டிலே கலாசாலை சட்டப்படி உயர்தரக் கலாசாலையாக அங்கீகரிக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டிலே அதன் மாணவிகள் அரசாங்கப் பரீட்சைக்குத் தோற்றாமலே ஆங்கில ஆசிரியைப் பத்திரம் பெறுதற்கு உரிமை கிடைத்தது. தனியார் பெண்கள் கலாசாலைகளுள் அவ்வுரிமையை முதலிற் பெற்றது இதுவே. பத்து மாணவிகளோடு தொடங்கி ஐந்தாண்டு சென்றது. அதற்குள் அரசாங்கம் அக்கலாசாலையின் மதிப்பீட்டைத் தன் பரீட்சைக்கு நிகராகக் கொண்டது. நன்கொடையை வேண்டிப் பலமுறை விண்ணப்பித்திருந்தாலும் பெறமுடியாத மதிப்பை, கண்டிப்பான வகுப்பறை பெற்றுத்தந்தது.

ஒரு குறை

சரித்திரம் எழுதுவோர் குணத்தோடு குறையையுஞ் சொல்லுதல் முறை. அம்மையார் பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் வேண்டும் என்றாரேயன்றி, அவர்களின் அரசியலுரிமைக் கிளர்ச்சியை ஆதரித்தாரல்லர். 1911ஆம் ஆண்டிலே செய்தோ என்னும் பத்திரிகையைத் தொடங்கிப் புதுமைப்பெண்கள் எனப் பேர்பெற்றோரின் போக்கை அவர் வெறுத்தார். தம் மாணவிகள் அவர்களோடு சேர்தலை விரும்பவில்லை. கலாசாலைக்கு அவப்பெயர் வரின் இத்துணைக்காலம் பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை ஒருநாளிற் போய்விடும் என்னும் அச்சமும் அதற்குக் காரணமாயிருக்கலாம். இதனைக் குறுகிய நோக்கென்று குறைகூறினாரும் உளர். அக்குறை முற்றும் பொய்யென்று யாம் சொல்லமாட்டோம்.

ஆயினும் ஒன்று கூறுவோம். சிந்திக்கக் கற்பித்த ஆசிரியர், மாணவர் எதனைச் சிந்திப்பர் என்று வரையறுத்தல் இயலாது. அவரிடங் கற்ற மாணவிகளுள்ளே யாமக்காவா கிக்குவே என்பவர் சமதர்மக் கொள்கையராகிப் பெண்ணுரிமைக்காக எழுதிப் போராடி, 1947ஆம் ஆண்டிலே தொழில் அமைச்சில் பெண்கள் பகுதிக்கு முதற்றலைவியானார். ஆசிரியர் செல்லத் துணியாத வழியிலே மாணவி சென்றார். அவ்வழி நடத்தற்கு வேண்டிய வலிமையைக் கொடுத்த இடங்களுள் ஆசிரியரின் கலாசாலையும் ஒன்று.

நோயும் இடரும்

1917ஆம் ஆண்டிலே அம்மையாரை நீரிழிவு நோய் பற்றியது. பன்முறை வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. 1919ஆம் ஆண்டிலே தலைமையை விட்டு விலகினார். அவருக்குப்பின் கலாசாலையை யார் நடாத்துவது என்னுங் கவலை எழுந்தபோது, சுதெமாட்சு அம்மையார் அப்பொறுப்பை மேற்கொண்டு, சுஜி மாட்சு என்னும் ஆசிரியையைப் பதிற்றலைவியாக அமர்த்துவித்தார். அக்காலத்திலே உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவரைப் பற்ற, அவ்வாண்டு பெப்ரவரி மாதத்திலே இறந்தார். ஆறாண்டுக் குழந்தையோடு கப்பலேறிய தோழி அக்குழந்தை நாட்டிய கலாசாலையைக் காப்பாற்றிவிட்டே கண்மூடினார் எனலாம்.

1922ஆம் ஆண்டிலே நகர்ப்புறத்துக் கொடைரா என்னுமிடத்திலே கலாசாலைக்குப் பெருநிலம் வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாந் திகதி டோக்கியோவைப் பெரும் பூகம்பம் அழித்தது. அதனைத் தொடர்ந்த தீயிலே கோபான்சோக் கட்டடங்கள் எரிந்தன. இருபத்துமூன்றாண்டு பாடுபட்டுச் சேர்த்த புத்தகமும் தளபாடமுஞ் சாம்பலாயின. நோயாளியாய்த் தனித்திருந்த அம்மையாருக்கு அச்செய்தி எங்ஙனம் இருந்திருக்கும் என்பதை ஆசிரியரே அறிவர்.

எனினுங் கலாசாலை எரியவில்லை. இரவல் இடத்திலும் பின்பு தற்காலிகக் கட்டடத்திலும் வகுப்புகள் தொடர்ந்தன. அறுபது வயதைக் கடந்த ஹார்ட்ஸ்ஹோர்ன் அம்மையார் தாமதியாது அமெரிக்காவிற்குக் கப்பலேறி, 500,000 டொலர் திரட்டும் முயற்சியை மேற்கொண்டு, சில ஆண்டு ஊரூராய்ச் சென்று உழைத்தார். அப்பணத்தாற் கொடைராவிலே கட்டடம் எழுந்தது. அதன் பிரதான மண்டபம் அவர் பெயரால் வழங்கப்படுகின்றது.

தேகவியோகம்

புதிய கட்டடத்தைக் காண அம்மையார் இருந்திலர். 1929ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 16ஆந் திகதி, காமக்குரா என்னுங் கடற்கரையூரிலே, அறுபத்துநான்காம் வயதிலே தேகவியோகமடைந்தார். ஹொஷினோ ஆய் அம்மையார் தலைமையேற்றார். கலாசாலை 1931ஆம் ஆண்டிலே கொடைராவிற்கு மாறிற்று. 1933ஆம் ஆண்டிலே நிறுவியவர் பெயரைத் தாங்கியது. அவர் சமாதியும் அக்கலாசாலை வளவிலே உள்ளது.

பின்னர் யப்பான் அமெரிக்காவோடு யுத்தஞ் செய்தபோது, ஆங்கிலம் பகைவர் மொழியாயிற்று. ஆங்கிலமே பெயராய்க் கொண்ட கலாசாலைக்கு அதனினும் பெரிய இடர் யாது? ஹொஷினோ அம்மையார் கலாசாலையை மூடவில்லை. 1943ஆம் ஆண்டிலே கணிதமும் விஞ்ஞானமுங் கற்பிக்கும் பகுதியைத் தொடங்கினார். நிறுவியவர் இளமையிலே விட்டுவந்த விஞ்ஞானம், அவர் கலாசாலையைக் காத்தற்கு அவ்வாறு வந்துதவியது. 1948ஆம் ஆண்டிலே அது புதிய சட்டப்படி சர்வகலாசாலை நிலை பெற்றது.

முடிவுரை

இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கன யாவை? நிலைமைகள் வேறு, நாடு வேறு, சமயம் வேறு. ஆயினும் ஆசிரியத் தொழில் ஒன்றே. வாடகை வீடு மாறிற்று, பேய் வீடு மாறிற்று, சொந்தக் கட்டடம் தீக்கிரையாயிற்று, தலைவி நோயுற்றார், தோழி மாண்டார், கற்பித்த மொழியே ஒருகாற் பகையாயிற்று. இவை ஒவ்வொன்றும் ஒரு கலாசாலையை மூடுதற்குப் போதுமான காரணம். மூடாதிருந்தமைக்குக் காரணம் பணம் அன்று. பணம் ஒவ்வொரு முறையும் பின்னரே வந்தது. முன்னே நின்றது, அங்கே கற்றவர் நன்றாகக் கற்றவர் என்னும் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் கண்டே அன்பர் பணம் கொடுத்தனர். அதனைக் கண்டே அரசாங்கம் உரிமை கொடுத்தது. அதனைக் கண்டே பெற்றோர் பிள்ளைகளைக் கொடுத்தனர்.

அந்நம்பிக்கை ஒருநாளில் உண்டானதன்று. ஓர் உச்சரிப்பைப் பத்துமுறை திருத்துவதாலும், ஆயத்தமில்லாத பாடத்தை ஏற்காது விடுவதாலும், ஒவ்வொரு பிள்ளையின் மனப்போக்கையும் தனித்தறிவதாலுஞ் சிறிது சிறிதாய்ச் சேர்ந்தது. இவற்றுள் ஒன்றிற்கேனும் பணம் வேண்டியதில்லை. நாளைக் காலையிலே நம் வகுப்பறையில் நாம் செய்யத்தக்கனவே இவை யாவும். ஏழு வயது நிரம்பாப் பருவத்திலே பிறர்பொருளாற் கற்கச் சென்ற ஒரு சிறுமி, அக்கடனை வாழ்நாள் முழுதுந் தீர்த்தாள். நாமும் யாரோ ஒருவரின் பொருளாலும் பொறுமையாலுங் கற்றவர்களே. நம் கடனைத் தீர்க்கும் இடம் நம்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளேயாம்.